தண்டனை பெற்ற அரசியல்வாதிக்கு ஜனாதிபதி மன்னிப்பு: எதிர்ப்பது இரட்டை வேடமா?

நீங்கள் எழுதியது இரண்டே வரி. "துமிந்த சில்வாவுக்கு மன்னிப்புக் கொடுத்தது, அரசியலமைப்பு ஜனாதிபதிக்குத் தந்த அதிகாரம்தானே? தமிழ் அரசியல் கைதிகளை மன்னித்து விடுங்கள் என்று கேட்கிற நாமே இதை எதிர்ப்பது இரட்டை வேடம் இல்லையா?" முதல் வரி சட்டத்தைப் பற்றியது. அதற்குப் பதில் சொல்வது கடினமல்ல, உயர் நீதிமன்றமே சொல்லிவிட்டது. இரண்டாவது வரிதான் உங்களை உறுத்துகிறது என்று நினைக்கிறேன். என்னையும் அது நெடுநாள் உறுத்தியது. இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் குற்றவியல் வழக்குகளில் ஆஜராகி வரும் சட்டத்தரணி நான். அவற்றில் பெரும்பகுதி பயங்கரவாதத் தடைச் சட்ட வழக்குகள். துமிந்த சில்வாவின் வழக்கில் எந்தத் தரப்புக்காகவும் நான் ஆஜராகவில்லை. சாட்சிகளைக் கூண்டில் பார்த்தவனும் இல்லை. அதனால் குற்றம் நடந்த விதத்தைப் பற்றி நீதிமன்றங்கள் சொன்னதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்லமாட்டேன். மன்னிப்பு வழங்கிய விதத்தைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்களுக்காக நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இலங்கையில் உயர் நீதிமன்றம் என்றால் நாட்டின் மிக மேலான நீதிமன்றம், இந்தியாவில் உச்ச நீதிமன்றம் என்பது போல. மேல் நீதிமன்றம் அதற்குக் கீழே உள்ளது. 2011 அக்டோபர் 8, உள்ளூராட்சித் தேர்தல் வாக்களிப்பு நாள். கொழும்புக்கு அருகே முல்லேரியா பகுதியில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் முன்னாள் பாராளுமன்ற உறுப்பினர் பாரத லக்ஷ்மன் பிரேமச்சந்திரவும் இன்னும் மூவரும் உயிரிழந்தார்கள். அப்போது பாராளுமன்ற உறுப்பினராக இருந்த துமிந்த சில்வா தலையில் குண்டு பாய்ந்து பிழைத்தார். இருவரும் ஒரே ஆளும் கூட்டணிக்காரர்கள். 2016 செப்டெம்பரில் மேல் நீதிமன்றத்தில், ட்ரயல் அட் பார் எனப்படும் மூன்று நீதிபதிகள் கொண்ட விசேட அமர்வு, பெரும்பான்மைத் தீர்ப்பாக அவருக்கு மரண தண்டனை விதித்தது. 2018 அக்டோபரில் ஐந்து நீதிபதிகள் கொண்ட உயர் நீதிமன்ற அமர்வு அதை ஒருமனதாக உறுதி செய்தது. 1976க்குப் பிறகு இங்கே யாரும் தூக்கிலிடப்படவில்லை என்பதால், நடைமுறையில் அது ஆயுள் சிறை. 2021 ஜூன் 24, பௌத்தர்களின் பௌர்ணமிப் புனித நாளான பொசன் போயா தினத்தன்று ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ அவருக்கு மன்னிப்பு வழங்கினார். அடுத்த மாதமே தேசிய வீடமைப்பு அபிவிருத்தி அதிகார சபையின் தலைவர் நாற்காலி அவருக்குக் கிடைத்தது. 2022 மே 31 அன்று உயர் நீதிமன்றம் அந்த மன்னிப்பை இடைநிறுத்தியது. அவர் மீண்டும் காவலில் எடுக்கப்பட்டார். 2024 ஜனவரி 17 அன்று அந்த மன்னிப்பு செல்லாது என்று இறுதித் தீர்ப்பு வந்தது.

இனி உங்கள் முதல் வரி. அரசியலமைப்பின் 34ஆவது உறுப்புரை ஜனாதிபதிக்கு இந்த அதிகாரத்தைத் தருகிறது, உண்மை. முழு மன்னிப்பு வழங்கலாம், நிபந்தனையோடு வழங்கலாம், தண்டனையைத் தள்ளிப்போடலாம், கடுமையான தண்டனைக்குப் பதில் இலேசானதை வைக்கலாம், ஒரு பகுதியைக் குறைக்கலாம். ஆனால் அதே உறுப்புரையில் பலரும் வாசிக்காமல் கடந்துபோகிற ஒரு காப்புவாசகம் இருக்கிறது. மரண தண்டனை பெற்றவர் விடயத்தில், வழக்கை விசாரித்த நீதிபதியிடமிருந்து ஜனாதிபதி அறிக்கை பெற வேண்டும். அந்த அறிக்கை அரசின் தலைமைச் சட்ட அதிகாரியான சட்டமா அதிபருக்குப் போக வேண்டும். அவருடைய ஆலோசனையோடு சேர்ந்து அது நீதியமைச்சருக்குப் போக வேண்டும். அமைச்சர் தம் பரிந்துரையோடு ஜனாதிபதிக்கு அனுப்ப வேண்டும். வழியில் மூன்று மேசைகள் இருக்கின்றன. ஒவ்வொரு மேசையிலும் ஒருவர் தம் பெயரைப் போட்டு ஒரு கருத்தை எழுத வேண்டியிருக்கிறது. மன்னிப்பு அறிவிக்கப்பட்ட சில நாட்களிலேயே சட்டத்தரணிகள் சங்கம் எழுப்பிய கேள்விகளும் இவற்றைப் பற்றியவைதான்: அறிக்கை பெற்றீர்களா, ஆலோசனை கேட்டீர்களா, சிறையில் இருக்கும் இத்தனை பேரில் இவரை மட்டும் எந்த அடிப்படையில் தேர்ந்தீர்கள்?

உயர் நீதிமன்றத்தில் மனுப் போட்டவர்களில் கொல்லப்பட்டவரின் மனைவி சுமணாவும் மகள் ஹிருணிகாவும் உண்டு. மனித உரிமைகள் ஆணைக்குழுவின் முன்னாள் ஆணையாளர் அம்பிகா சற்குணநாதனும் உண்டு. மன்னிப்பு அதிகாரம் எந்த நீதிமன்றமும் தொடமுடியாத தனி அதிகாரம் அல்ல, அதுவும் சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்ற 12ஆவது உறுப்புரைக்குக் கட்டுப்பட்டது என்ற நிலைப்பாட்டில்தான் தீர்ப்பு அமைந்தது. எழுத்தில் ஒரு முடிவோ காரணமோ இல்லாத நிலையில் அந்த மன்னிப்பு தன்னிச்சையானது என்று நீதிமன்றம் கண்டது. ஜனாதிபதி பதவிக்குச் சட்ட விலக்கு இருக்கிறதே என்று கேட்பீர்கள். 2015இன் 19ஆவது திருத்தத்துக்குப் பிறகு, ஜனாதிபதியின் பதவிசார் செயலை அடிப்படை உரிமை மனுவில் சட்டமா அதிபரைப் பிரதிவாதியாக்கிக் கேள்வி கேட்க வழி பிறந்தது. அந்த வாசல் திறக்காமல் இருந்திருந்தால் இந்த வழக்கே இருந்திருக்காது.

இது இலங்கையில் மட்டும் நடந்த புதுமை அல்ல. ஆந்திராவில் கொலை வழக்கில் தண்டனை பெற்ற ஒரு காங்கிரஸ் பிரமுகருக்கு ஆளுநர் தண்டனையைக் கழித்துவிட்டதை, 2006 அக்டோபரில் இந்திய உச்ச நீதிமன்றம் ரத்துச் செய்தது. எப்புரு சுதாகர் வழக்கு என்று சட்டக்கல்லூரிகளில் படிப்பிப்பது அதுதான். அவர் நல்ல கட்சித் தொண்டர் என்ற குறிப்பு ஆளுநருக்குப் போன கோப்பில் இருந்ததை நீதிபதிகள் சுட்டிக்காட்டினார்கள். சாதி, மதம், அரசியல் விசுவாசம் ஆகியவை கருணையின் தராசில் வைக்கக்கூடாத எடைகள் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். அமெரிக்காவில் நிலைமை வேறு. உப ஜனாதிபதி டிக் செனியின் தலைமை அதிகாரியாக இருந்த லூயிஸ் லிபிக்கு, பொய்ச் சத்தியம், விசாரணைக்கு இடையூறு ஆகிய குற்றங்களுக்காக 2007இல் 30 மாதச் சிறை விதிக்கப்பட்டது. ஜோர்ஜ் புஷ் சிறையை மட்டும் நீக்கினார், 2,50,000 டொலர் அபராதத்தை அப்படியே விட்டார். 2018இல் டொனால்ட் ட்ரம்ப் முழு மன்னிப்பே கொடுத்தார். எந்த நீதிமன்றமும் குறுக்கே வரவில்லை, வரவும் முடியாது. அங்கே அதற்கான விலையை வாக்காளர்தான் கேட்க வேண்டும். நம் அரசியலமைப்பை எழுதியவர்கள் அந்த வழியைத் தேர்ந்திருந்தால் 34ஆவது உறுப்புரையில் அந்தக் காப்புவாசகத்தை வைத்திருக்கத் தேவையில்லை.

இப்போது உங்களை உறுத்துகிற வரிக்கு வருகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அம்மா வவுனியாப் பக்கத்திலிருந்து இரவு பஸ்ஸில் புறப்பட்டு, விடியற்காலையில் கொழும்பில் நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் என் அறை வாசலில் வந்து உட்கார்ந்திருந்தார். கையில் துணிக்கடைப் பொலித்தீன் பை. அதற்குள், மகனுக்கு மன்னிப்புக் கேட்டு அவர் எழுதுவித்த கடிதங்களின் பிரதிகளும் வந்த பதில்களும், வருட வாரியாக, ரப்பர் வளையம் போட்டு. பதில்கள் எல்லாம் ஒரே மாதிரி: உங்கள் கடிதம் கிடைத்தது, உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளது. அத்தனையும் சிங்களத்தில். அவருக்கு அதை வாசிக்கத் தெரியாது. ஒவ்வொன்றையும் நான் தமிழில் சொல்லச் சொல்ல, "இதிலயாவது ஏதும் இருக்கா தம்பி" என்று அடுத்ததை நீட்டினார். கடைசியில் வந்த கடிதத்தை மட்டும் தனியாக நெஞ்சுப் பக்கத்தில், சேலைக்குள் வைத்திருந்தார். அதிலும் அதே வரிதான் இருந்தது. அவருடைய மகன் குற்றவாளியாகத் தீர்க்கப்பட்டதற்கு வழக்கில் இருந்த ஒரே சான்று அவன் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட வாக்குமூலம்.

சாதாரண குற்ற வழக்கில், பொலிஸ் அதிகாரியிடம் கொடுத்த குற்ற ஒப்புதலை நம் சாட்சியச் சட்டம் ஏற்காது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 16ஆவது பிரிவு, உதவி பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரி முன்னிலையில் கொடுத்ததை ஏற்கிறது. அது மட்டுமா? அந்த வாக்குமூலம் அடித்து வாங்கியது என்றால், அப்படி வாங்கியதை நிரூபிக்கும் சுமை குற்றம்சாட்டப்பட்டவரின் தலையிலேயே விழுகிறது. மாதக்கணக்கில் தடுப்புக் காவலில் இருந்தவன், அடித்த கையையே சாட்சிக்கு அழைத்து நிரூபிக்க வேண்டும். மேன்முறையீட்டில் நாங்கள் இதைச் சொல்லி வாதாடுவோம். நீதிபதிக்கும் சில வேளைகளில் உள்ளூரச் சங்கடமாகத்தான் இருக்கும். ஆனால் சட்டம் அப்படி எழுதப்பட்டிருக்கிறது. நீதிமன்றத்தின் கை எட்டாத இடம் என்பது இதுதான். கருணை அதிகாரம் எதற்காக இருக்கிறது என்று என்னைக் கேட்டால், இப்படிப்பட்ட இடத்துக்காக என்பேன். சட்டம் நேர்மையாக நடந்த பிறகும் அநியாயம் எஞ்சி நிற்கும்போது, அதைத் துடைக்க இன்னொரு கை தேவைப்படுகிறது.

துமிந்த சில்வாவின் நிலை வேறு. அவருக்கு எதிராக விசேட சட்டம் எதுவும் பயன்படுத்தப்படவில்லை. மூன்று நீதிபதிகள் விசாரித்தார்கள், ஐந்து நீதிபதிகள் மேன்முறையீட்டைக் கேட்டார்கள், நாட்டின் முன்னணிச் சட்டத்தரணிகள் அவருக்காக வாதாடினார்கள். அவர் அனுபவித்த அந்த முழு விசாரணை குற்றம்சாட்டப்பட்ட ஒவ்வொருவருக்கும் கிடைக்க வேண்டும் என்றுதான் நாங்கள் இத்தனை காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாததற்கு முதல் காரணம் இது.

ஆனாலும் அவருக்காகச் சொல்லப்படும் வாதத்தை ஒதுக்கிவிட்டுப் போவது நேர்மையில்லை. விசாரணை நீதிமன்றத் தீர்ப்பு ஒருமனதானது அல்ல. அமர்வுக்குத் தலைமை தாங்கிய நீதிபதி வேறுபட்டார். 2020இல் வெளியான தொலைபேசி ஒலிப்பதிவுகளில், தீர்ப்பளித்த நீதிபதிகளில் ஒருவரும் அப்போதைய ஒரு பாராளுமன்ற உறுப்பினரும் பேசியது கேட்டது. அதற்குப் பிறகுதான் துமிந்த சில்வாவை விடுவிக்கும்படி பாராளுமன்ற உறுப்பினர்கள் பலர் கையெழுத்திட்ட கோரிக்கை எழுந்தது. நீதிபதி ஒருவர் அரசியல்வாதியோடு அப்படிப் பேசியது எனக்கு இன்றும் கசப்பான விடயம். ஒரு தீர்ப்பின் மேல் அப்படிப்பட்ட சந்தேகம் விழுந்தால், அதை வெளிச்சத்தில் வைத்து ஆராய்வதற்கு அதுவே காரணம். ஜனாதிபதி அந்தச் சந்தேகத்தை ஏற்றுக்கொண்டாரானால், "இந்தக் காரணத்துக்காக மன்னிக்கிறேன்" என்று எழுதியிருக்கலாம். அந்தத் தாள் இருந்திருந்தால் நாம் அதைப் பற்றி விவாதித்திருப்போம். தலைக்காயத்தின் பின்விளைவுகள், உடல்நிலை என்றால் அதையும் எழுதியிருக்கலாம். ஒரு காரணமும் எழுதப்படாத இடத்தில், கட்சி உறவு என்ற ஒரே காரணம்தான் மக்கள் கண்ணுக்குத் தெரியும்.

அரசியல்வாதி என்பதாலேயே ஒருவருக்கு மன்னிப்பு கூடாது என்று நான் சொல்லவில்லை. நீதித்துறையை அவமதித்த குற்றத்துக்காக 2021 ஜனவரியில் நான்கு ஆண்டு கடூழியச் சிறை பெற்ற ரஞ்சன் ராமநாயக்கவுக்கு, 2022 ஆகஸ்டில் நிபந்தனையோடு மன்னிப்புக் கிடைத்தது. அவர் முதலில் எழுத்து மூலம் மன்னிப்புக் கோரினார், சொன்னதைத் திரும்பப் பெற்றார். அவர் உயிர்ச்சேதம் எதுவும் செய்யவில்லை, ஒரு சொல்லுக்காகச் சிறை சென்றவர். பாதிக்கப்பட்டது நீதித்துறை, அதனிடமே அவர் தலை குனிந்தார். அந்த மன்னிப்பை எதிர்த்து நான் ஒரு வரியும் எழுதவில்லை, இன்றும் எழுதமாட்டேன்.

இதைவிடக் கூர்மையான உதாரணம் ஒன்று உண்டு. மைத்திரிபால சிறிசேன ஜனாதிபதியாவதற்கு முன் அவரைக் கொல்லத் திட்டமிட்ட குற்றத்துக்காக, முன்னாள் விடுதலைப் புலி உறுப்பினர் ஒருவர் 10 ஆண்டு சிறைத் தண்டனை பெற்றிருந்தார். 2016 ஜனவரி 8 அன்று, பதவியேற்று ஓராண்டு நிறைந்த விழா மேடையில், சிறிசேன அவரை மன்னித்துக் கைகொடுத்து அனுப்பினார். அந்தக் காட்சியைப் பார்த்து என் போன்றவர்கள் பலர் கண் கலங்கினோம். காரணம் எளிது: மன்னித்தவரே பாதிக்கப்பட்டவர். அவருக்கு அதைக் கொடுக்கும் உரிமை இருந்தது. அதே சிறிசேன, 2019 நவம்பரில் பதவி முடியும் கடைசி நாட்களில், ரோயல் பார்க் குடியிருப்பில் ஓர் இளம் பெண்ணைக் கொன்ற குற்றத்துக்கு மரண தண்டனை பெற்றவரை மன்னித்தார். அது அவர் கொடுக்கக்கூடிய மன்னிப்பா? அந்தப் பெண்ணின் வீட்டாரை யார் கேட்டார்கள்? 2024 ஜூனில் உயர் நீதிமன்றம் அதையும் ரத்துச் செய்தது.

யாழ்ப்பாண மாவட்டத்து மிருசுவிலில் நடந்தது நம் எல்லோருக்கும் தெரியும். 2000 டிசம்பரில், தங்கள் வீடுகளைப் பார்க்கப் போன எட்டுப் பொதுமக்கள், குழந்தைகள் உட்பட, கொல்லப்பட்டுப் புதைக்கப்பட்டார்கள். 2015இல் இராணுவச் சார்ஜன்ட் சுனில் ரத்நாயக்கவுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது, உயர் நீதிமன்றமும் அதை 2019இல் உறுதி செய்தது. 2020 மார்ச் 26, நாடே கொரோனா ஊரடங்கில் கதவடைத்திருந்த நேரம், அவர் மன்னிப்புப் பெற்று வெளியே வந்தார். இந்த மன்னிப்பையும் துமிந்த சில்வாவின் மன்னிப்பையும் நான் எதிர்ப்பது ஒரே காரணத்துக்காக: கொல்லப்பட்டவர்களின் குடும்பங்களைக் கேட்காமல் கொடுத்தவை அவை. சிங்களவர் ஒருவர் கொல்லப்பட்ட வழக்கில் சிங்களப் பெண்கள் இருவரும் தமிழ்ப் பெண் ஒருவரும் உயர் நீதிமன்றம் போய்ப் பெற்ற தீர்ப்பு, மிருசுவில் குடும்பங்கள் கையில் எடுக்கக்கூடிய கருவியாகவும் இருக்கிறது.

துமிந்த சில்வா மன்னிக்கப்பட்ட அதே 2021 பொசன் நாளில் விடுவிக்கப்பட்டோர் பட்டியலில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் தண்டனை பெற்ற 16 பேரும் இருந்தார்கள். அவர்களில் பலர் தண்டனைக் காலத்தின் கடைசிப் பகுதிக்கு வந்துவிட்டவர்கள் என்று அப்போதே செய்திகள் வந்தன. அன்று எனக்கு வந்த தொலைபேசி அழைப்புகளில் பாதி மகிழ்ச்சி, பாதி அவமானம். ஒரு தந்தை, "எங்கட பிள்ளைகளை அந்த ஆளுக்குத் துணையாக அனுப்பிப்போட்டினம்" என்றார். ஒருவரின் மன்னிப்பை மற்றவர்களின் மன்னிப்போடு கட்டி அனுப்பினால் கேள்வி கேட்பவரின் வாய் அடைபடும் என்று யாராவது நினைத்திருந்தால், அது பாதி பலித்தது என்பதற்கு உங்கள் கேள்வியே சாட்சி. உங்களைக் குறை சொல்லவில்லை. அந்தக் கணக்கு நம் மனதுக்குள்ளும் புகுந்துவிட்டது.

நம் பக்கத்துக்குச் சங்கடமான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். நாங்கள் மன்னிப்புக் கேட்கும் கைதிகளில் சிலரின் வழக்குகளில் உண்மையாகவே மனிதர்கள் இறந்திருக்கிறார்கள். அவர்களுக்கும் மனைவி, பிள்ளைகள் இருக்கிறார்கள். கொல்லப்பட்டவரின் குடும்பத்தைக் கேட்காமல் துமிந்த சில்வாவை விட்டது பிழை என்று சொல்லும் நான், அந்தக் குடும்பங்களையும் கேட்க வேண்டும் என்பதை ஏற்கத்தான் வேண்டும். கேட்பது வேறு, அவர்கள் மறுத்தால் மன்னிப்பு இல்லை என்பது வேறு. அவர்கள் கையில் பூட்டைக் கொடுக்கச் சொல்லவில்லை. அவர்கள் சொல்வதும் கோப்பில் ஒரு தாளாக இருக்கட்டும் என்கிறேன். இதில் என் தொழில் நண்பர்கள் பலர் என்னோடு உடன்படுவதில்லை. நம் கைதிகளின் விடுதலை இன்னும் தாமதமாகும் என்பது அவர்கள் அச்சம், அதில் நியாயமும் இருக்கிறது.

சட்டத்தில் இன்னும் உறுதியாகாத பகுதி எது என்றால், மரண தண்டனை அல்லாத வழக்குகள். அந்தக் காப்புவாசகம் மரண தண்டனைக்கு மட்டும்தான் எழுதப்பட்டிருக்கிறது. ஆயுள் தண்டனையோ சில ஆண்டுச் சிறையோ பெற்றவரை மன்னிக்கும்போது இவ்வளவு தூரம் போக வேண்டுமா என்பதில் இரு பக்கமும் வாதாடலாம். எழுத்தில் காரணம் இருக்க வேண்டும் என்ற அளவாவது எல்லா மன்னிப்புக்கும் பொருந்தும் என்பது என் வாசிப்பு. நாளை ஒரு நீதிபதி வேறுவிதமாகச் சொல்லலாம். போயா தினங்களில் நூற்றுக்கணக்கில் பெயர்கள் போகும் பட்டியல்களில் இது எவ்வளவு அவசியம் என்பதை 2025 வெசாக் காட்டிக்கொடுத்தது. ஜனாதிபதி அங்கீகரித்த பட்டியலிலேயே இல்லாத, பண மோசடிக் குற்றவாளி ஒருவர் அனுராதபுரம் சிறையிலிருந்து விடுவிக்கப்பட்டிருந்தது தெரியவந்து, அதிகாரிகள் விசாரிக்கப்பட்டார்கள்.

துமிந்த சில்வா இனி மன்னிப்பே கேட்க முடியாதா என்றால், முடியும். 2024 தீர்ப்பு அந்த ஒரு மன்னிப்பைத்தான் அழித்தது, 34ஆவது உறுப்புரையை அவருக்கு மட்டும் மூடிவிடவில்லை. சிறையில் இருக்கும் மற்ற எவரையும் போல அவரும் மனு எழுதலாம். அந்த மனு நீதிபதியின் அறிக்கையோடும் சட்டமா அதிபரின் ஆலோசனையோடும் அமைச்சரின் பரிந்துரையோடும் மேலே போகட்டும். மருத்துவ அறிக்கை இருந்தால் சேர்க்கட்டும். கொல்லப்பட்ட நால்வரின் வீடுகளுக்கும் ஒரு கடிதம் போகட்டும், அவரவர் வாசிக்கும் மொழியில். அத்தனைக்கும் பிறகு ஒரு ஜனாதிபதி தம் காரணத்தை எழுதிக் கையெழுத்திட்டால், அதில் எனக்கு உடன்பாடு இல்லாமல் போகலாம், ஆனால் அதை ரத்துச் செய்யச் சொல்லி நான் மனுப் போடமாட்டேன். வவுனியாவிலிருந்து வந்த அந்த அம்மாவுக்காகவும் இதே பாதையைத்தான் கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன். அவருடைய பொலித்தீன் பையில் இருந்த கடிதங்களின் ஒரு பிரதி இன்னும் என் அலுமாரியில் இருக்கிறது.